இருபத்தொரு நாள் குளிர்

ஐஸ் கம்பெனியில் குமாஸ்தா என்று சொன்னால், நான் ஏதோ நாள் முழுக்கக் குளிர்ந்த காற்றில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருப்பதாக ஊரில் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். விடியுமுன் டாலாக் கரையில் சம்பான் படகு ஏறி, ஆற்றைக் கடந்து ரங்கூன் கரைக்கு வந்து, கிடங்கு வாசலில் நின்று, சீட்டைப் பார்த்துப் பார்த்துப் பாளம் பாளமாக ஐஸை வெளியே விடுவதுதான் என் வேலை. பத்து வருஷமாகச் செய்கிறேன். விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன.

சின்னத்தம்பியின் கதையை நான் சொல்ல வேண்டியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவன் சுமந்த ஐஸைத் தினமும் அவன் தோளில் ஏற்றிவிட்டவன் நான். அவன் மனைவி நீலாம்பாள் ஐந்து நாள் ஜுரத்தில் வெந்து செத்தாள். அந்த ஐந்து நாளும் டாலாக் கரையிலேயே ஐஸ் இருந்த ஒரே பெட்டி அவன் பொறுப்பில் இருந்தது. அவள் சாவை ஒளித்துவைத்துக் கடைசியில் சொல்ல எனக்கு மனமில்லை. நடந்து மூன்று வருஷம் ஆகிறது. 1926ஆம் வருஷம், மாசி மாதம்.

சின்னத்தம்பி அரிசி மில்லில் பாய்லருக்கு உமி தள்ளுகிறவன். டாலா மில்களில் உமிதான் விறகு. நெல் அரைபட்டு விழுகிற உமியைக் கூடை கூடையாக அள்ளிவந்து அடுப்பு வாயில் கொட்ட வேண்டும். கூடக் கொட்டினால் புகை அடைக்கும், குறையக் கொட்டினால் நீராவி தளரும். பாய்லர் மேல் நீராவியின் அழுத்தத்தைக் காட்டுகிற ஒரு ஊசி இருக்கிறது. மற்றவர்கள் முறையில் அந்த ஊசி சாமியாடும். சின்னத்தம்பி முறையில் வைத்த இடத்தில் நிற்கும். முப்பது வயதுக்காரனைப் பார்த்தால் நாற்பது சொல்லலாம். புருவம் எப்போதும் பொசுங்கியே இருக்கும். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவதும் கிடையாது. மில் கூலிகளின் வரிசை வீடுகளான லைனில் நானும் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தேன்; அவன் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு மூங்கில் பாய்தான் சுவர். அதனால் அவன் பேசாததுகூட எனக்குக் கேட்கும்.

பேசுவதற்கெல்லாம் சேர்த்து நீலாம்பாள் வந்து வாய்த்திருந்தாள். அவன் மாமன் மகள். கப்பலேறி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மில்லின் கோணிக் கிடங்கில் சாக்குத் தைப்பாள். கை தைக்கும், வாய் ஓயாது. என் மனைவி தைலம்மாள் சாதாரணமாகச் சிரிக்கிறவள் இல்லை. பாய்க்கு அந்தப்பக்கம் நீலாம்பாள் புருஷனை வம்புக்கிழுக்கிறபோது இவள் இந்தப்பக்கம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குவாள். எங்கள் லைனுக்கு இருந்த சந்தோஷமே அவ்வளவுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மில் இஞ்சினியர் ஓல்சன் துரை டென்மார்க் தேசத்துக்காரர். தனி ஆள். அந்த தேசத்தில் பீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்குமாம். ரங்கூன் கடைகளில் கிடைக்கிற பீர் கப்பலில் குலுங்கிக் குலுங்கி வந்து செத்துப்போன சரக்கு என்பது அவர் கட்சி. ஆகவே பங்களாவிலேயே தானே காய்ச்சத் தொடங்கினார். முளைகட்டிய பார்லியின் சத்து டப்பாவில் வரும். அதைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஏதோ ஒரு கசப்புப் பூவைப் போட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் விடுவார். ரொட்டிக்காரன் மாவு உப்புவதற்குப் போடுவதும் அந்த வகை வஸ்துதான். எட்டொன்பது நாள் அது நுரைத்துப் பொங்கி அடங்கும். அதோடு முடிந்தது என்றுதான் நாம் நினைப்போம். துரையைக் கேட்டால் அப்போதுதான் வேலையே தொடங்குகிறது.

நுரை அடங்கிய பீர் இன்னும் பச்சை. கலங்கலாக இருக்கும், பச்சை மாவு வாடை அடிக்கும். அதைக் குளிரில் தூங்கப்போட வேண்டும். எடுத்த எடுப்பில் ஐஸில் இறக்கிவிடக் கூடாது. நாளுக்குக் கொஞ்சமாகக் குளிரைக் கூட்டி, தண்ணீர் உறையும் நிலைக்கு ஒரு விரற்கடை மேலே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். உறையவும் விடக் கூடாது, ஏறவும் விடக் கூடாது. அசைக்கக் கூடாது, ஆசைப்பட்டுத் திறந்து பார்க்கவும் கூடாது. இப்படி இருபத்தொரு நாள். ஈஸ்ட் அடியில் மண்டியாகப் படிந்துவிடும், வாடை போய்விடும், மேலே நிற்பது தெளியும். புதிதாகக் காய்ச்சுகிறவன் எல்லாரும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தானாம். துரையும் கெட்டார். முதல் தடவை அவசரப்பட்டு ஒரே நாளில் ஐஸில் இறக்கினார், நுரைப்பது அரைகுறையாக நின்றுபோய்ச் சர்க்கரைப் பாகுபோல் இருந்தது. இரண்டாம் தடவை, குளிர் தொடங்கிய வாரத்திலேயே பங்களாச் சமையல்காரன் இரண்டு நாள் ஐஸ் வைக்க மறந்துபோனான். மண்டி கிளம்பிப் பீப்பாய் முழுக்கப் புளித்தது. விருந்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் தடவை துரை பாய்லர் வீட்டுக்கே வந்து ஊசியைப் பார்த்தார். பிறகு ஊசியை நிறுத்திவைத்திருந்தவனைப் பார்த்தார். மறுநாளிலிருந்து சின்னத்தம்பிக்கு பாய்லர் வேலை கிடையாது, பங்களாவில் குளிர்ப்பெட்டி வேலை; தினமும் விடியலில் என்னோடு சம்பானில் வந்து ஐஸ் சுமந்துபோவதும் அதில் சேர்த்தி.

பெட்டி தேக்கு. உள்ளே தகரம் அடித்தது. நடுவில் பீப்பாய், அதைச் சுற்றி ஐஸ், பெட்டிக்கு வெளியே ஒரு முழம் கனத்துக்கு உமி, அதற்கும் மேலே இரண்டு தடித்த கம்பளி. நெருப்பில் கொட்டிய உமியையே இப்போது ஐஸைச் சுற்றிக் கொட்டுவது அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. கம்பளிதான் புரியவில்லை. போர்த்தினால் பெட்டி சூடாகிவிடாதா என்று துரையிடமே கேட்டுவிட்டான். கம்பளிக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது, உள்ளே எது இருக்கிறதோ அதை வெளியே விடாமல் பூட்டிவைக்கும், குளிர் இருந்தால் குளிரை, சூடு இருந்தால் சூட்டை என்று துரை தனக்குத் தெரிந்த அரைகுறை இந்துஸ்தானியில் சொல்லியிருக்கிறார். அன்று சம்பானில் இதை அவன் என்னிடம் சொன்னபோது நான் பெரிதாகச் சிரித்தேன். துரைமார் சொல்வதெல்லாம் தலைகீழாகத்தான் இருக்கும் என்றேன்.

பீப்பாயின் பக்கத்தில் ஒரு நீளமான கண்ணாடிச் சூடுமானி. அதன் பாரன்ஹீட் கணக்கில் தண்ணீர் உறைவது முப்பத்திரண்டில்; முப்பத்துநாலில் துரை சிவப்பு வண்ணத்தால் ஒரு கோடு போட்டிருந்தார். பாதரசம் அந்தக் கோட்டுக்கு இறங்கி வர வேண்டும், வந்த பின் அங்கேயே நிற்க வேண்டும். சின்னத்தம்பிக்குத் தன் பெயர் எழுதத் தெரியாது. ஆனால் எண்களைத் துரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க, நாலு நாளில் சூடுமானியை நூல் பிசகாமல் படித்தான். எழுபதிலிருந்து அறுபது, அறுபதிலிருந்து ஐம்பது என்று அது இறங்க இறங்க, மாலையில் வந்து நீலாம்பாளிடம் சொல்வான். அவன் தானாக வாயைத் திறந்து பேசிய விஷயம் அது ஒன்றுதான்.

“எம் புருஷன் பீருக்குத் தாதி வேலை பாக்குறாரு” என்று அவள் லைன் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். சிரித்தவள்தான் அவனுக்கு ஐஸ் சாக்கும் தைத்துக்கொடுத்தாள். ஆறு கடப்பதற்குள் பாளத்தில் கால்வாசி கரைந்துபோகிறது என்று அவன் வருத்தப்பட்டபோது, இரண்டு கோணியை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, நடுவில் உமியைத் திணித்து, மெத்தைபோல் இழைத் தையல் போட்டாள். அதற்குப் பிறகு பாளம் முழுசாகவே போய்ச் சேர்ந்தது. துரை அந்தச் சாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அன்றைக்கு அவள் கால் தரையில் பாவவில்லை.

பீரைக் குளிரில் வைத்த பதினாலாம் நாள் சாயங்காலம் அவளுக்கு உடம்பு கணகணவென்று இருந்தது. டாலாவில் வாய்க்காலும் சேறும் கொசுவும். முறைக்காய்ச்சல் வராத வீடு கிடையாது. யாரும் பெரிதாக நினைக்கவில்லை. கொயினா மாத்திரை கொடுத்தார்கள், அவள் வாந்தி எடுத்துவிட்டாள். பதினைந்தாம் நாள் சற்றுத் தணிந்தது. அன்று காலைதான் துரை லாஞ்சில் கியாக்தானுக்குப் புறப்பட்டார். அங்கே ஒரு மில்லில் இஞ்சின் உட்காரவைக்க வேண்டும், இருபத்தொன்றாம் நாள் திரும்பிவந்து தானே பீப்பாயைத் திறப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னத்தம்பிக்கு அவர் சொன்ன ஒரே வார்த்தை, சிவப்புக் கோடு.

பதினாறாம் நாள் ஜுரம் மறுபடியும் ஏறியது. எங்கள் ஜனங்களுக்கு ஜுரம் வந்தால் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். ஜன்னலைச் சாத்துவோம். தலையில் துணி கட்டுவோம். தண்ணீரைக் கண்ணில் காட்ட மாட்டோம். சுக்குக் கஷாயம் கொடுத்துப் போர்த்திப் படுக்கவைப்போம். குளிர்ச்சி பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பயம். எனக்கு எல்லாரையும்விட அதிகம். என் தம்பிக்கு ஒன்பது வயதில் ஜுரம் வந்தபோது யாரோ தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், ராத்திரி ஜன்னி கண்டு செத்துப்போனான். அன்று முதல் ஜுரக்காரர் வீட்டுக்குள் நுழைந்தால் நான் வைத்தியன் மாதிரித்தான் பேசுவேன். லைனில் என் பேச்சுக்கு மரியாதை இருந்தது; குமாஸ்தா இல்லையா.

எனக்கு அன்று ஞாயிற்றுக்கிழமை, பகல் வீட்டில் இருந்தேன். தகரக் கூரை காய்ந்து அறைக்குள் அடுப்பு எரிவதுபோல் இருந்தது. சின்னத்தம்பி பெட்டிக்கு ஐஸ் மாற்றிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் வாசலில் நின்றேன். அவள் கண்ணைத் திறக்காமலே அவன் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“எடுக்காதீங்க மாமா. ஜில்லுன்னு இருக்கு. இப்படியே வச்சிருங்க.”

அவள் முகத்தில் மூன்று நாளாக இல்லாத ஒரு தெளிச்சி வந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் சொன்னேன்.

“சின்னத்தம்பி, ஐஸ் தொட்ட கையோட அவளத் தொடாதப்பா. ஜன்னி கண்டுரும்.”

அவன் சுட்டதுபோல் கையைப் பிடுங்கிக்கொண்டான். எழுந்து போய் அடுப்புத் தணலுக்கு மேல் இரண்டு உள்ளங்கையையும் காட்டி, நன்றாகச் சூடேற்றிக்கொண்டு திரும்பிவந்து மறுபடி அவள் கன்னத்தைத் தொட்டான். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“இந்தக் கை வேணாம்” என்றாள்.

அதற்குப் பிறகு ஐஸ் பெட்டியிலிருந்து வரும்போதெல்லாம் அவன் நேரே அடுப்புக்குப் போய்க் கையைக் காய்ச்சிக்கொண்டுதான் அவளிடம் வந்தான். அவளும் அந்தக் கையை மறுபடி கேட்கவில்லை.

பதினேழாம் நாள் அவளுக்கு நடுக்கம் கண்டது. பல் கிட்டித்தது, கட்டில் கிடுகிடுத்தது, குளிருது குளிருது என்று முனகினாள். வீட்டிலிருந்த துணி எல்லாம் போர்த்தியாகிவிட்டது. தைலம்மாள் எங்கள் போர்வையையும் கொண்டுபோய்ப் போட்டாள். போதவில்லை. அப்போது சின்னத்தம்பி வெளியே போனான். அரை மணி கழித்துத் திரும்பியபோது அவன் தோளில் துரையின் தடித்த கம்பளி இருந்தது. பெட்டிமேல் கிடந்த இரண்டில் ஒன்று. ஜன்மத்தில் ஒரு பிடி உமிகூடக் கேட்காமல் எடுத்தறியாதவன் அவன். கம்பளியை அவள்மேல் விரித்தான். நாலு பக்கமும் காற்று புகாமல் செருகிவிட்டான்.

மறுநாள் காலை சம்பானில், நடு ஆற்றில் சொன்னான். பெட்டிக்கு இப்போது ஒரு கம்பளிதான் இருக்கிறது, சூடுமானி கோட்டைத் தாண்டி இரண்டு புள்ளி ஏறிவிட்டது, துரைக்கு என்ன பதில் சொல்வேன் என்றான். சீட்டில் எழுதினதற்கு மேலே ஒரு பாளம் கொடுத்தால் ஈடுகட்டிவிடலாம் என்று கேட்டான். கொடுத்தேன். கம்பெனிக்குத் தெரியாமல் நான் வெளியே விட்ட ஒரே பாளம் அது. நீலாம்பாள் எப்படி இருக்கிறாள் என்றேன். கம்பளிக்குள் கொதிக்கிறாள் என்றான். “நல்லதுதான். வேத்து எறங்கிரும்” என்றேன்.

இரண்டு பாளம் ஐஸ், அவள் கையால் தைத்த சாக்குக்குள், ஒரு துளி சிந்தாமல் ஆற்றைக் கடந்து அந்தப் பீருக்குப் போய்ச் சேர்ந்தது. நான்தான் தூக்கிவிட்டேன். இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே காறித்துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

பதினொரு மணிக்கு தைலம்மாள் சம்பான்காரனிடம் சொல்லியனுப்பினாள். நீலாம்பாள் ஆள் தெரியாமல் பேசுகிறாள், டாக்டரை அழைத்து வரவும். ரங்கூனில் எனக்குத் தெரிந்த வங்காளி டாக்டர் ஒருவர் இருந்தார். அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு லைனுக்கு வரும்போது மணி இரண்டு. உள்ளே நுழைந்ததும் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஜன்னலைத் தள்ளித் திறந்தார். கம்பளியை இழுத்துத் தரையில் போட்டார், அதன் கீழிருந்த போர்வைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். பிறகு அவள் கக்கத்தில் தன் சிறிய சூடுமானியை வைத்தார்.

எடுத்தபோது சின்னத்தம்பி எட்டிப் பார்த்தான். லைனிலேயே அதைப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

“நூத்தியேழு” என்றான். அவ்வளவு பெரிய எண்ணை அவன் சூடுமானியில் பார்த்ததே இல்லை.

டாக்டர் ஊசி போட்டார். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, முதலில் உடம்புச் சூட்டை இறக்கியாக வேண்டும், இந்தக் கரையில் எங்காவது ஐஸ் கிடைக்குமா என்று இந்துஸ்தானியில் என்னைக் கேட்டார். நான் அதைத் தமிழில் சின்னத்தம்பிக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஐஸ் என்ற வார்த்தையை மட்டும் டாக்டர் இங்கிலீஷிலேயே சொல்லியிருந்தார். அவன் என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இந்த மூன்று வருஷத்தைக் கொஞ்சம் சுலபமாகக் கழித்திருப்பேன். இல்லை. ஐஸையா, அவளுக்கா என்று கேட்கிற பார்வை. மறு நிமிஷம் பங்களாவைப் பார்க்க ஓடினான்.

பெட்டியிலிருந்த ஐஸ் முழுவதையும் அந்தச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தான். பீப்பாயை அசைக்காமல் வெளியே எடுத்துவைத்தானாம், அதை அவனே பிற்பாடு சொன்னான், கை பழக்கம். சிவப்புக் கோடு போட்ட நீளச் சூடுமானியும் மடியில் இருந்தது. நான் வாசலில் உட்கார்ந்து உலக்கையால் ஐஸை உடைத்தேன். தைலம்மாள் துணியில் முடிந்து முடிந்து கொண்டுபோய் நெற்றியிலும் கக்கத்திலும் தொடையிடுக்கிலும் வைத்தாள். டாக்டர் சற்று நேரம் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, எப்படியும் அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், இறக்கிக்கொண்டே இருங்கள் என்று சொல்லிச் சம்பான் பேசத் துறைக்குப் போனார். ஆற்றில் நீர் இறங்கிக் கரையெல்லாம் சேறாகக் கிடந்த நேரம். ஒரு சம்பானைக் கரைக்கு இழுத்துவர நெடுநேரம் பிடித்தது.

தைலம்மாள் தண்ணீர்க் குடத்தோடு குழாயடிக்குப் போயிருந்தாள். உள்ளே சின்னத்தம்பி தனியாக, அவளுடைய இன்னொரு கக்கத்தில் பீர்ச் சூடுமானியை வைத்துக்கொண்டு, பாதரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துப் பார்த்து எனக்குக் கேட்கும்படி சொன்னான்.

“நூத்தி அஞ்சுண்ணே.”

நான் இன்னும் வேகமாக உடைத்தேன்.

“நூத்தி மூணு.”

அவன் குரலில் உயிர் வந்துவிட்டது. மாலை மாலையாக அவளிடம் எண் இறங்கியதைச் சொன்ன அதே குரல். நூற்றியொன்று என்றான். பிறகு ரொம்ப நேரம் கழித்துத் தொண்ணூற்றொன்பது என்றான். நான் உலக்கையைப் போட்டுவிட்டு முருகா என்று கும்பிட்டேன். முனகல்கூட நின்றுவிட்டதே, நன்றாகத் தூங்குகிறாளா என்று கேட்டேன். தூங்குகிறாள் என்றான். பனிபோல ஆகிவிட்டாள் அண்ணே என்றான். தொண்ணூற்றேழு என்றான். இன்னும் இறங்கட்டும் என்று நான் சொல்லி, மிச்சமிருந்த ஐஸையும் உடைத்து உள்ளே நீட்டினேன்.

ஒரு மனித உடம்பில் அது எங்கே நிற்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கும் தெரியாது. அவனுக்குத் தெரிந்த கோடு முப்பத்துநாலில் இருந்தது.

டாக்டர் சந்து முனையில் வரும்போது சின்னத்தம்பி உள்ளேயிருந்து உரக்க, “தொண்ணூத்தஞ்சு!” என்றான். குடையைக் கீழே போட்டுவிட்டு அந்த மனிதர் ஓடிவந்தார். அவர் ஏன் ஓடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே வழிவிட்டேன்.

உள்ளே அவர் அவள் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். மார்பில் காது வைத்தார். பிறகு சின்னத்தம்பியின் கையிலிருந்த சூடுமானியை மெதுவாக வாங்கித் தரையில் வைத்தார். அவன் அதைத் திரும்ப எடுத்து, விழுந்த கையைத் தூக்கி, மறுபடி கக்கத்தில் செருகப் பார்த்தான்.

ஐஸா, கம்பளியா, எது அவளைக் கொன்றது என்று நான் டாக்டரைத் துளைத்தெடுத்தேன். காய்ச்சல்தான் என்றார். இதே ஐஸ் இரண்டு நாள் முந்தி நெற்றியில் இருந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாள், ஒருவேளைதான் என்றார். என் தம்பியைப் பற்றியும் கேட்டேன். தண்ணீர் ஊற்றி யாருக்கும் ஜன்னி வருவதில்லை, ஜுரம் முற்றினால் அதுவே வரும் என்று அலுப்போடு சொல்லிவிட்டுக் குடையைத் தேடிப் போனார்.

இருபத்தொன்றாம் நாள் துரை வந்தார். திறந்து கிடந்த பெட்டியையும் அருகில் தரையில் நின்ற பீப்பாயையும் பார்த்தார். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றினார். வேறென்ன செய்வதென்று தெரியாதவர்போல, ஒரு கண்ணாடிக் குவளையில் பீப்பாயின் குழாயைத் திறந்தார். கடைசி மூன்று நாள் ஐஸே இல்லை, ஆனாலும் பதினெட்டு நாள் குளிர் தன் வேலையைச் செய்திருந்தது. குவளைக்கு அந்தப்பக்கம் அவர் விரல் ரேகை தெரிந்தது. அவ்வளவு தெளிவு. அதை அவர் வாயில் வைக்காமல் மேசையில் வைத்தார். அந்த ஐஸை எடுக்க என்னிடம் கேட்கவே வேண்டியதில்லையே, முதல் நாளே ஏன் எடுக்கவில்லை என்று சின்னத்தம்பியிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“எடுக்கணும்னே தோணலண்ணே” என்றான் சின்னத்தம்பி. “கம்பளியை எடுக்கத்தான் பயந்தேன்.”

துரைக்கு அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரியவில்லையாம் என்று மட்டும் சொன்னேன். அந்தத் தடவை விருந்து நடக்கவில்லை. பீப்பாயைத் துரை என்ன செய்தார் என்று தெரியாது.

சின்னத்தம்பி பாய்லருக்கே திரும்பிப் போனான். ஊருக்குப் போ, இன்னொரு கல்யாணம் செய்துகொள் என்று லைனில் எல்லாரும் சொன்னார்கள், காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போதும் அவன் முறையில் ஊசி ஆடுவதில்லை. பாய்க்கு அந்தப்பக்கம் சத்தம் கிடையாது. தைலம்மாள் இந்தப்பக்கம் சிரித்தும் மூன்று வருஷம் ஆகிறது. நாங்கள் அறையை மாற்றிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. போனால் தப்பு என்னுடையது என்று அவனுக்குப் புரிந்துவிடும் என்று ஒரு பயம்.

போன வாரம் மில் வாசலில் அவனே என்னை நிறுத்தினான். தலையில் உமிக் கூடை. வருஷக்கணக்கில் மனதில் வைத்திருந்ததைக் கேட்பவன்போல் ஒரு வார்த்தைகூடச் சிக்காமல் கேட்டான்.

“அண்ணே, அன்னிக்கு என் கையை அவ கன்னத்துல அப்படியே வச்சிருந்தா, அவளுக்குக் கெடுதல் வந்திருக்குமா? டாக்டரக் கேட்டீங்களா?”

கேட்டிருந்தேன். டாக்டர் சொன்ன பதிலும் மூன்று வருஷமாக என்னிடமே இருந்தது. ஒரு கையின் குளிர்ச்சியால் அந்த ஜுரம் இறங்கியிருக்காது. ஆனால் அதனால் ஒரு கெடுதலும் இல்லை, அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும் என்றார் அவர். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பொய் சொல்லித்தானே இவ்வளவும் ஆயிற்று, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி.

“கெடுதல் இல்லையாம்” என்றேன். “நான்தான் தெரியாம சொல்லிட்டேன், சின்னத்தம்பி.”

அவன் என்னைத் திட்டவில்லை. கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்ற கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான். உமிச்சூட்டில் காய்த்துக் கறுத்துப்போன கை.

“வேற ஒண்ணும் கேக்கலியேண்ணே அவ” என்றான். “இதத்தான் கேட்டா.”

உள்ளே பாய்லர் ஆள் கூப்பிட்டான். அவன் கூடையோடு போனான்.